ஏப்ரல் 9: திருகோணமலையில் அன்று நடந்தது என்ன, எதை நம்பி எழுதலாம்?

திருகோணமலையில் ஒரு வாசிகசாலையின் அறிவித்தல் பலகைக்கு ‘வரலாற்றில் இன்று’ எழுதுபவர் கேட்டிருக்கிறார்: ஏப்ரல் 9ஆம் திகதிக்கு என்ன எழுதலாம்? 1942இல் ஜப்பான்காரர் திருமலையில் குண்டு போட்டதைத் தவிர அந்தத் திகதியில் வேறு என்ன நடந்தது? கைபேசியில் சுற்றிவரும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, எதை நம்புவது? நிகழ்வுகளின் பட்டியலைக் கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது கடைசியாகச் சொன்னதைத்தான். பட்டியல் எங்கும் கிடைக்கும். அதில் எந்த வரியை நம்மூர் ஆட்கள் பார்க்கும் இடத்தில் துணிந்து எழுதலாம் என்பதுதான் சிக்கல். ஆகவே 1942ஐ விரிவாகவும் மற்ற ஆண்டுகளைச் சுருக்கமாகவும் சொல்லி, திகதிகள் எங்கே தவறிப்போகின்றன என்பதையும் கூடவே காட்டுகிறேன்.

1942 ஏப்ரல் 9 வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று தாக்கப்பட்டது கொழும்பு. இரண்டையும் ஒன்றாக்கி, உயிர்த்த ஞாயிறன்று திருகோணமலையில் குண்டு விழுந்தது என்று எழுதுவதுதான் இந்த விடயத்தில் அதிகம் காணும் பிழை. இரண்டு தாக்குதலையும் நடத்தியது அட்மிரல் நகுமோவின் ஒரே படை. அக்காகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோக்காக்கு, சுய்க்காக்கு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறில் காகா மட்டும் வரவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் கற்றலீனா விமானம் இந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பியது. பின்னர் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்புத் தாக்குதலோடு டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 8ஆம் திகதி அந்தப் படை இலங்கைக்குக் கிழக்கே மறுபடியும் கண்ணில் பட்டது. அந்த எச்சரிக்கை கிடைத்ததால், திருகோணமலையில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை அன்றிரவே துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் துறைமுகம் பெரும்பாலும் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

9ஆம் திகதி காலை ஏழு மணி தாண்டிய பின் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. துறைமுகம், கடற்படைத் தளம், சீனக்குடா விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் இலக்காகின. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பி எதிர்த்துச் சண்டையிட்டன. துறைமுகத்தில் எரெபஸ் என்ற பீரங்கிக் கப்பல் சேதமடைந்தது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அந்தச் சகாயிங்கின் உடல் 70 ஆண்டுகளுக்கு மேலாகத் துறைமுகத்தின் அடியில் கிடந்தது. 2018இல்தான் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் வேலை செய்து அதை மிதக்கவைத்து அகற்றினார்கள். உங்கள் பலகைக்கு இது அருமையான வரி. 1942இல் நடந்ததன் மீதி 2018 வரைக்கும் நம் துறைமுகத் தண்ணீருக்குள் கிடந்தது என்று தெரிந்தால், பலகையைப் பார்க்கிற பிள்ளை நின்று வாசிக்கும்.

அன்று மிகப் பெரிய உயிரிழப்பு திருகோணமலைக்கு வெளியே, மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் நடந்தது. முதல்நாள் இரவு வெளியே அனுப்பப்பட்ட கப்பல்களில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாகப் போன வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அடங்கும். ஹேர்மிஸ் கரையோரமாகத் தெற்கே போய், குண்டுவீச்சு ஓய்ந்ததும் திருகோணமலைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. விமானந்தாங்கி என்றாலும் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை, அவை தரையிறக்கப்பட்டிருந்தன. காலை பத்தரை மணி அளவில் குத்தெனப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் அதைச் சூழ்ந்தன. கொஞ்ச நேரத்திலேயே கப்பல் மூழ்கியது. வம்பயரும் போனது. ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும், அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே காலையில் அழிந்தன. ஹேர்மிஸ் உதவி கேட்டபோது, தாக்குதலுக்கு உள்ளான திருகோணமலையின் தகவல் தொடர்பு குழம்பிப்போயிருந்தது. ரத்மலானையிலிருந்து அனுப்பப்பட்ட விமானங்கள் வந்துசேர்ந்தபோது காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. ஹேர்மிஸில் இறந்தவர்கள் 307 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் அவ்விடத்துக்கு அருகில் இருந்ததால் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தது. ஆகவே ‘திருகோணமலையில் ஹேர்மிஸ் மூழ்கியது’ என்று எழுதாதீர்கள். ‘திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். மட்டக்களப்பு ஆட்கள் இதில் கண்டிப்பானவர்கள். சுழியோடிகள் இன்றைக்கும் அந்தக் கப்பலைப் பார்க்கப் புறப்படுவது அங்கேயிருந்துதான்.

ஹேர்மிஸைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ‘உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்’ என்று பட்டியல்கள் போடும். அது அப்படியல்ல. வேறு கப்பல்களை மாற்றியமைத்து விமானம் ஏற்றியது அதற்கு முன்பே நடந்துவிட்டது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்டதில் முதலாவது ஹேர்மிஸ். ஆனால் அதற்குப் பிறகு கட்டத் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே பணியில் சேர்ந்துவிட்டது. ஹேர்மிஸ் அதற்குப் பின்னர்தான் சேர்ந்தது. எந்தத் திகதிக்கானாலும் ‘முதல்’ என்ற சொல் வந்தால், எதில் முதல் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்காவிட்டால் ‘முதல்’ என்பதை வெட்டிவிடுங்கள். வரியின் மதிப்பு குறையாது.

எண்ணெய்க் குதக் கதைக்கு வருவோம். திருமலையில் வளர்ந்த எவருக்கும் இது தெரிந்திருக்கும்: ஒரு ஜப்பானிய விமானி வேண்டுமென்றே தன் விமானத்தைக் குதத்தின் மேல் மோதினான், குதம் ஏழு நாள் எரிந்தது. இதில் உறுதியானது, விமானம் ஒன்று குதத்தில் விழுந்ததும், குதம் எரிந்து உருக்குலைந்ததும். பிரித்தானியர் கட்டிய குதங்கள் 101. இன்று இருப்பவை 99. குறைந்த இரண்டில் ஒன்று அன்றைக்கு அழிந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் என்றால் அந்த நெருப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். விமானி வேண்டுமென்றே மோதினானா, அடிபட்டுக் கட்டுப்பாடு இழந்த விமானம் போய் விழுந்ததா என்பது வேறு கேள்வி. மோதிய கணத்தில் விமானத்துக்குள் இருந்தவர் என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் பிழைக்கவில்லை. அதனால் நோக்கத்தைப் பற்றிய பகுதியை ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற அளவில் நிறுத்துங்கள். ‘கமிகாசே தாக்குதல்’ என்று எழுதவே வேண்டாம். ஜப்பான் அப்படி ஒரு படையை அமைத்துத் தாக்கத் தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்சில்; திருமலைச் சம்பவம் அதற்கு இரண்டரை ஆண்டு முந்தியது.

மணிக்கணக்கு வேறொரு தொல்லை. ஒரு நூலில் காலை 7 மணி என்றும் இன்னொன்றில் 10 மணி என்றும் இருந்தால் ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தையே பதிவேட்டில் எழுதியது. இலங்கையின் நேரம் 1942 ஜனவரியில் அரை மணி முன்னகர்த்தப்பட்டு கிறீன்விச்சுக்கு 6 மணி முந்தியதாக ஆக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணி கூட்டப்பட்டது. 1945 ஒக்டோபரில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆகவே 1942 ஏப்ரலில் தோக்கியோவுக்கும் திருகோணமலைக்கும் வித்தியாசம் சரியாக 3 மணி. இன்றைய மூன்றரை மணிக் கணக்கை வைத்துக் கழித்தால் எல்லாம் அரை மணி பிசகும். இதே பிசகு பின்னாளிலும் உண்டு. 1996 மே மாதம் நேரம் ஆறரைக்கு முன்னகர்ந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டது நினைவிருக்கும். 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தை இந்திய நூல்கள் காலை 6.28 என்றும், அந்நாளைய இலங்கை நேரக்கணக்கு 6.58 என்றும் சொல்வது இதனால்தான். இரண்டும் சரி.

1942 ஏப்ரல் 9இல் உலகின் வேறு மூலையில் நடந்ததையும் சேர்க்க விரும்பினால், ஒன்று போதும்: பிலிப்பைன்சில் பட்டான் தீபகற்பத்தில் அமெரிக்க மேஜர் ஜெனரல் எட்வர்ட் கிங் அன்றுதான் ஜப்பானியரிடம் சரணடைந்தார். ஏறத்தாழ 75,000 அமெரிக்க, பிலிப்பினோ வீரர்கள் கைதிகளானார்கள். அவர்களைப் பசியோடும் தாகத்தோடும் நடத்திக்கொண்டுபோன அந்தக் கொடிய நடைப்பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பிலிப்பைன்சில் ஏப்ரல் 9 இன்றும் பொது விடுமுறை நாள். நம் துறைமுகத்தில் குண்டு விழுந்த அதே நாளில் அங்கே ஒரு படையே விழுந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அந்தப் போர் எத்தனை அகலமானது என்று விளக்காமலே விளங்கும். இந்தியாவின் தன்னாட்சி பற்றிப் பேசத் தில்லிக்கு வந்த பிரித்தானியக் கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சு முறிந்துபோனதும் அதே வாரத்தில்தான். ஆனால் காங்கிரசின் மறுப்பு 10ஆம் திகதியைச் சேர்ந்தது என்பதால் அதை 9க்குள் திணிக்க வேண்டாம். தொடர்ச்சிக்கு ஒரு வரி வேண்டுமானால் இது: திருமலையைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் அக்காகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஜூன் மாதத் தொடக்கத்தில், மிட்வே சண்டையில் கடலுக்கு அடியில் போயின.

மற்ற ஆண்டுகளின் ஏப்ரல் 9களில் நான் பரிந்துரைப்பது முதலில் 1939. அமெரிக்காவின் கறுப்பினப் பாடகி மரியன் அண்டர்சனுக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக, வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியில் பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். வானொலியில் இன்னும் இலட்சக்கணக்கானோர் கேட்டார்கள். அரசியலும் கலையும் ஒரே வரியில் சேரும் நிகழ்வு இதைவிட இந்தத் திகதிக்குக் கிடைக்காது. அடுத்து 1940: ஜேர்மனி டென்மார்க்கிலும் நோர்வேயிலும் புகுந்த நாள். 1948இல் கொலம்பியத் தலைவர் ஹோர்ஹே கைத்தான் கொல்லப்பட்டு பொகோட்டா நகரம் பற்றியெரிந்தது. அதே நாளில் பாலஸ்தீனத்தின் டெய்ர் யாசின் கிராமத்தில் படுகொலை நடந்தது. 2003இல் பக்தாத்தில் சதாம் ஹுசைனின் சிலை கவிழ்க்கப்பட்டது. 1865இல் தெற்குப் படையின் ஜெனரல் லீ வடக்குப் படையின் ஜெனரல் கிரான்ட்டிடம் சரணடைந்ததை ‘அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது’ என்று போடுவார்கள். முடிந்தது லீயின் படையின் போர். மற்றப் படைகள் அடுத்தடுத்த வாரங்களில்தான் ஆயுதம் வைத்தன. இத்தனையையும் ஒரு பலகையில் எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு இறப்புத் திகதிகளில் நாட்காட்டி மாற்றம் ஒளிந்திருக்கும். தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1626 ஏப்ரல் 9இல் இறந்ததாக எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அது இங்கிலாந்தின் பழைய ஜூலியன் நாட்காட்டித் திகதி. நாம் இன்று புழங்கும் கிறெகோரியன் கணக்கில் அது ஏப்ரல் 19. போர்த்துக்கல் 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது; இங்கிலாந்து மாறியது 1752 செப்டெம்பரில். ஆகவே நம் கிழக்கு மாகாண வரலாற்றில் 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயத் திகதிகளை அப்படியே எடுக்கலாம். ஆங்கிலேயர் எழுதியவற்றுக்கு 10 நாள் கூட்ட வேண்டும். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் எழுதிவைத்த திகதிகளும் இந்த வகைதான்.

இதே கணக்கு நமக்கு மிக நெருக்கமான ஒரு திகதியையும் தொடுகிறது. எழுதாமல் விட மனம் வரவில்லை. கோணேசர் கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது 1622 ஏப்ரல் 14, தமிழ் வருடப்பிறப்பன்று என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1620களில் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ‘1622’, ‘ஏப்ரல் 14’, ‘வருடப்பிறப்பு’ மூன்றும் ஒன்றாக நிற்கமாட்டா. நம் பஞ்சாங்க ஆண்டு ஏறத்தாழ 365 நாள் 6 மணி 12 நிமிடம். கிறெகோரியன் ஆண்டு சராசரியாக 365 நாள் 5 மணி 49 நிமிடம். ஆண்டுக்கு 23 நிமிட வித்தியாசம், ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேரும். 400 ஆண்டு பின்னோக்கிப் போனால் ஆறேழு நாள் குறையும். அதாவது 1622இல் சித்திரை முதலாம் நாள் ஏப்ரல் 8ஐ ஒட்டி வந்திருக்கும், 14இல் அல்ல. வருடப்பிறப்பன்று போர்த்துக்கேயர் பூசகர் வேடத்தில் வந்தார்கள் என்ற ஊர் மரபு உண்மையாக இருக்கலாம். அப்படியானால் 14 என்பது பின்னாளில் யாரோ இன்றைய நாட்காட்டியைப் பார்த்துப் போட்ட எண். எழுதும்போது ‘வருடப்பிறப்பன்று என்பது மரபு’ என்று எழுதுங்கள், எண்ணை விடுங்கள். கோயில் அழிந்த துயரம் அதனால் அணுவளவும் குறையாது. எதிர்வாதம் செய்ய வருகிறவர் கையில் ஒரு பிழையைக் கொடுக்காமலும் இருப்பீர்கள்.

நடந்த நாள், தெரியவந்த நாள், அச்சான நாள் மூன்றும் வேறு. எழுத்தாளர் ஜெயகாந்தன் இறந்தது 2015 ஏப்ரல் 8 இரவு. செய்தித்தாள்கள் 9ஆம் திகதி எழுதின, அதனால் சில பட்டியல்களில் அவர் 9இல் இறந்ததாக ஆகிவிட்டார். 2006இல் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டது ஓகஸ்ட் 4. உடல்கள் அடுத்தடுத்த நாட்களில் கண்டெடுக்கப்பட்டதால் வெவ்வேறு திகதிகள் உலவுகின்றன. போர்க்காலப் பத்திரிகைகளுக்கு இன்னொரு தடையும் இருந்தது, தணிக்கை. 1942இன் வீரகேசரி, தினகரன் இதழ்களைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த வாரத்து இதழில் இழப்புகளின் முழுக்கணக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எண்ணிக்கைகளுக்குப் பிந்திய நூல்களே உதவும், ஊரின் மனநிலைக்கு அந்தப் பழைய தாள்கள் உதவும்.

நேரில் சரிபார்க்க முடிந்த ஓர் இடம் உங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் கொமன்வெல்த் போர்க் கல்லறை. ஒவ்வொரு குறியிலும் பெயர், பதவி, கப்பல் அல்லது படையணி, இறந்த திகதி பொறிக்கப்பட்டிருக்கும். 9 என்று இருப்பதை மட்டும் தேடாமல் 10, 11 என்று இருப்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காயப்பட்டுப் பின்னர் இறந்தவர்களும் இந்த நாளைச் சேர்ந்தவர்கள்தான். ஹேர்மிஸோடு கடலில் போனவர்களின் பெயர் அங்கே இராது. உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்களைப் பிரித்தானியத் துறைமுக நகரங்களின் நினைவுத்தூண்களில் பொறித்திருக்கிறார்கள். மூத்தவர்கள் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதைச் சொன்னால் அதையும் எழுதி வையுங்கள். அவர்கள் திகதி சொல்லமாட்டார்கள், வருடப்பிறப்புக்கு நாலு நாளைக்கு முன் என்பார்கள். 1942இல் வருடப்பிறப்பு ஏப்ரல் 13, திங்கட்கிழமை, சரியாகப் பொருந்தும். கதையில் வருவது கொழும்புத் தாக்குதலா திருமலைத் தாக்குதலா என்று பிரித்தறிய இது உறுதியான அடையாளம்.

அண்மைக்கால அரசியல் திகதிகளைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். மூன்று சமூகங்களும் வாசிக்கும் ஊரில் அவற்றை எழுதாமல் விடுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான். பெப்ரவரி 4 சுதந்திர தினம். அதே நாளில் 1957இல் திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற திருமலை நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கைதான 13 பேர் 2019இல் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். யார், எங்கே, எத்தனை பேர், சட்டப்படி என்ன ஆனது, இவ்வளவையும் உரிச்சொல் சேர்க்காமல் எழுதினாலே போதும். அதன் கனம் தானாக இறங்கும். ஏப்ரல் 9க்கு 2022 இருக்கிறது. அன்று காலிமுகத்திடலில் மக்கள் கூடி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விலக வேண்டும் என்று தங்கத் தொடங்கினார்கள். சரியாக ஒரு மாதத்தில், மே 9, பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். மறுநாள் அவர் குடும்பத்தோடு வந்து தங்கியது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். இதைக் கோட்டாபய விலகிய நாள் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய விலகல் கடிதம் அதற்குப் பின்னர், ஜூலை நடுப்பகுதியில்தான் வந்தது.

பலகைக்கு வரும்போது அளவு முக்கியம். நின்றபடி வாசிக்கிறவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார். 100 சொல்லுக்குள் முடியுங்கள். ஊர் நிகழ்வு முதலில், அதே ஆண்டின் வெளி நிகழ்வு அடுத்து, வேறோர் ஆண்டின் கலை நிகழ்வு கடைசியில். உறுதியானதை முற்றுப்பெற்ற வினையில் எழுதுங்கள், மரபாக வருவதை ‘என்பர்’ என்று தனி வாக்கியமாக வையுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே எடையாகத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தை ஒரு கொப்பியில் பக்க எண்ணோடு எழுதி வாசிகசாலையிலேயே வையுங்கள், அடுத்த ஆண்டு வேறொருவர் எழுத நேர்ந்தாலும் உதவும். இந்த ஆண்டுக்கு இப்படி எழுதலாம்:

1942 ஏப்ரல் 9, வியாழன். ஜப்பானிய விமானங்கள் காலையில் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. சகாயிங் கப்பல் எரிந்தது. அதன் உடல் 2018இல்தான் துறைமுகத்திலிருந்து மீட்கப்பட்டது. எண்ணெய்க் குதம் ஒன்றில் விமானம் விழுந்து குதம் அழிந்தது. விமானி வேண்டுமென்றே மோதினார் என்பர். திருகோணமலையிலிருந்து வெளியே சென்றிருந்த ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தனர். அதே நாளில் பிலிப்பைன்சின் பட்டானில் ஏறத்தாழ 75,000 வீரர் சரணடைந்தனர். 1939 ஏப்ரல் 9: நிறத்தின் பெயரால் மண்டபம் மறுக்கப்பட்ட மரியன் அண்டர்சன், வாஷிங்டனில் லிங்கன் நினைவகப் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன் பாடினார்.